கோல்டு கடுகு நிறமாகாமல், கிரீம் ரோஸ் அடிக்காமல் அச்சடிப்பது எப்படி

கம்ப்யூட்டரில் தகதகவென்று மின்னிய கோல்டு, பிரஸ்ஸிலிருந்து கடுகு நிறத்தில் வருகிறது. இதமான கிரீமாக வைத்த பின்னணி ஒரு கட்டுத் தாளில் லேசாக ரோஸ் அடிக்கிறது, அடுத்த கட்டில் பச்சை ஓடுகிறது. டிசைனர் பிரஸ்ஸைக் குறை சொல்வார், பிரஸ்காரர் ஃபைலைக் குறை சொல்வார், நடுவில் கல்யாண வீட்டுக்காரர் இரண்டு பேரையும் முறைத்துக்கொண்டு நிற்பார். எஸ்டிமேட் போடும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்காததுதான் பெரும்பாலும் காரணம். இந்தக் கோல்டு மையா, ஃபாயிலா, நாலு கலர் புள்ளியா? இந்தக் கிரீம் காகிதத்தின் நிறமா, அதன் மேல் அடிக்கும் மையா? இதற்குப் பதில் தெரியாமல் டிசைன் போட கோரல் டிராவைத் திறக்காதீர்கள்.

சிவகாசியிலும் சென்னை ஆண்டர்சன் தெருவிலும் தினமும் கைமாறும் சாதாரணக் கல்யாணப் பத்திரிகையையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். கிரீம் அட்டை, மெரூன் எழுத்து, மேலே கோல்டு பிள்ளையார், சுற்றிலும் கோல்டு பார்டர். விசிட்டிங் கார்டு, காலண்டர் அட்டை, ஸ்வீட் பாக்ஸ், புத்தக அட்டை எதுவானாலும் கணக்கு பெரிதாக மாறாது.

நாலு கலரில் கோல்டு

உலோகத்தைச் சாய்த்தால் ஒரு கோணத்தில் பளீரென்று அடிக்கும், இன்னொரு கோணத்தில் இருண்டுவிடும். அதை வைத்துத்தான் கண் அதை உலோகம் என்று நம்புகிறது. சின்னச் சின்னப் புள்ளிகளாக விழும் சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்ற நாலு மையிலும் அது நடக்காது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே மஞ்சள் பழுப்புதான். எனவே நாலு கலரில் கோல்டை அச்சடிக்க முடியாது, வரையத்தான் முடியும், ஓவியர் ஒருவர் பித்தளைக் குடத்தை வரைவது மாதிரி. குடம் முழுக்க ஒரே மஞ்சளைத் தீட்டினால் அது குடமாகத் தெரியாது. ஒரு வெளிச்சக் கீற்று வேண்டும், அதை ஒட்டியே கரும்பழுப்பு நிழலும் விழ வேண்டும்.

தொடங்குவதற்குச் சில எண்கள் தருகிறேன், உங்கள் பிரஸ்ஸுக்கும் காகிதத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஆர்ட் பேப்பரில், அதாவது கோட்டிங் உள்ள வழவழப்பான தாளில், ஒற்றை நிறக் கோல்டுக்கு சி 15, எம் 35, ஒய் 85, கே 10 (சி சியான், எம் மெஜந்தா, ஒய் மஞ்சள், கே கருப்பு, எல்லாம் சதவீதத்தில்). கிரேடியன்ட் என்றால் நிழலுக்கு சி 35, எம் 60, ஒய் 100, கே 25 வைத்து, நடுவில் மேலே சொன்ன ஒற்றை நிறத்தைக் கொடுத்து, கீற்றுக்கு எம் 5, ஒய் 30 மட்டும் வையுங்கள். கீற்றில் சியானும் கருப்பும் சுத்தமாகப் பூஜ்ஜியம். சியான் கூடினால் பச்சை தட்டும், மெஜந்தா கூடினால் செம்புக்குப் போய்விடும். நிறையப் பேர் செய்வது, மஞ்சளிலிருந்து பழுப்புக்கு நீளமாக, மெதுவாகக் கரையும் ஒரு கிரேடியன்ட். அது பிளாஸ்டிக்காகத்தான் தெரியும். கீற்றிலிருந்து நிழலுக்கு மாறும் தூரம் குறைவாக இருக்க வேண்டும், மாற்றம் சட்டென்று விழ வேண்டும், ஒரே பட்டையில் அது இரண்டு மூன்று முறை வந்தால் இன்னும் நல்லது.

வெள்ளிக்கு வெறும் கருப்பில் சாம்பல் போட்டால் அழுக்குச் சாம்பலாகத்தான் வரும். சி 12, எம் 5, கே 25 என்று நீலத்தைக் கொஞ்சம் சேர்த்தால் உலோகத்தின் குளிர்ச்சி வரும். கீற்று இருக்கும் இடத்தில் காகித வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள்.

சுற்றியுள்ள நிறமும் பாதி வேலையைச் செய்யும். இதே எண்களை மெரூன், கரும்பச்சை, கருப்பு பின்னணியில் வைத்தால் கோல்டாகத் தெரியும். வெள்ளையிலோ கிரீமிலோ வைத்தால் கடுகு. நம் பத்திரிகை கிரீம் அட்டை என்பதால் நாலு கலர் கோல்டு இங்கே கிட்டத்தட்ட வேலைக்கு ஆகாது. வேறு வழியே இல்லையென்றால் பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு மெரூன் வட்டம் வைத்து அதற்குள் கோல்டை வையுங்கள். மெல்லிய கோடுகளிலும் சின்ன எழுத்திலும் கிரேடியன்ட் வேண்டவே வேண்டாம். ரெஜிஸ்டர், அதாவது நாலு மையும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக விழுவது, ஒரு முடி நகர்ந்தாலும் எழுத்தின் ஒரு ஓரம் ரோஸாகவும் மறு ஓரம் மஞ்சளாகவும் நிற்கும்.

மெட்டாலிக் மை

இதில் நிஜமான உலோகத் துகள் இருக்கிறது. கோல்டு மையில் செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் துகள், சில்வர் மையில் அலுமினியத் துகள். செம்பு கூடினால் சிவந்த கோல்டு, துத்தநாகம் கூடினால் பச்சை கலந்த மஞ்சள் கோல்டு. துகள் என்றாலும் உருண்டையாக இருக்காது, தட்டையான செதில்கள். மை காயும்போது அவை மேலே வந்து படுக்க வேண்டும், படுத்தால்தான் வெளிச்சத்தை ஒரே பக்கம் திருப்பும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கோட்டிங் இல்லாத மேப்லித்தோ தாள், சொரசொரப்பான கிரீம் அட்டை இவற்றில் மை உள்ளே இறங்கிவிடும், செதில்கள் நார்களுக்கு நடுவே கண்டபடி சாய்ந்து கிடக்கும், பளபளப்பு போய்ப் பழுப்பு மட்டும் மிஞ்சும். எனவே மெட்டாலிக் மைக்கு ஆர்ட் பேப்பர், ஆர்ட் போர்டுதான் சரியான இடம். 50 சதவீத டின்ட், அதாவது புள்ளிகளாக உடைத்த வெளிர் நிறம் கொடுத்தால் சில்வர் சாம்பலாகவும் கோல்டு காவியாகவும் மாறும், ஏனென்றால் சின்னப் புள்ளிக்குள் செதில் படுக்க இடமில்லை. அதனால் மெட்டாலிக்கை எப்போதும் 100 சதவீதத்திலேயே வையுங்கள், இளம் கோல்டு வேண்டுமென்றால் ஷேட் கார்டில் வேறு எண்ணைத் தேடுங்கள். மை நிறங்களுக்கு எண் வைத்திருக்கும் பேண்டோன் ஷேட் கார்டில் 871 முதல் 876 வரை கோல்டில் தொடங்கிச் செம்பு வரை போகும், 877 சில்வர். பிரஸ்காரர்கள் பெரும்பாலும் தெரிந்து வைத்திருக்கும் வரிசை இதுதான்.

மேலே மேட் லேமினேஷன் போட்டால் வந்த பளபளப்பில் பெரும்பகுதி செத்துவிடும். அதோடு செதில்கள் மேலாகக் கிடப்பதால் பிடிப்பும் குறைவு, ஓரத்தில் லேமினேஷன் உரிந்து வரும்போது கோல்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வரும். சரி, எதுவும் போடாமல் விட்டால்? விரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், விரல் ரேகை முழுக்கக் கோல்டு ஒட்டியிருக்கும். பத்திரிகையை வாங்குபவரின் பட்டுப்புடவையிலும் அது ஒட்டும். நடுவழி என்னவென்றால், நன்றாகக் காயவிட்டு மெல்லிய நீர்வழி கோட்டிங் ஒன்று போடுவது. காய நேரம் வேண்டும் என்பதை டெலிவரி தேதி சொல்லும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை மறுநாள் முகூர்த்தத்துக்கு மெட்டாலிக் மையை நம்பாதீர்கள்.

கோல்டு மை கறுப்பதும் உண்டு. பித்தளைக்கு அமிலம் ஆகாது, ஆனால் மை ஒட்டக் கூடாத இடத்தை நனைக்க ஆஃப்செட் மெஷினில் ஓடும் ஃபவுண்டன் தண்ணீர் அமிலத்தன்மை உள்ளதுதான், சாதாரணமாக பிஹெச் 5 வாக்கில் இருக்கும். அமிலம் அதிகமாகிப்போனால் அடித்த சில நாளிலேயே கோல்டு மங்கிப் பழுப்பாகிவிடும். தண்ணீரை எந்த அளவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பதில் தப்பில்லை, நல்ல மெஷின்மேன் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். சில்வரில் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு.

செலவு விஷயத்தில் ஒரு யோசனை. நாலு கலர் மெஷினில் கோல்டு ஐந்தாவது கலர், அதாவது தாளை இரண்டாவது முறை ஓட்ட வேண்டும். ஆனால் நம் பத்திரிகைக்கு நாலு கலர் எதற்கு? போட்டோ இல்லையென்றால் மெரூன் ஒரு ஸ்பெஷல் கலர் (நாலு கலரில் கலக்காமல் தனி மையாகவே அடிப்பது), கோல்டு ஒரு ஸ்பெஷல் கலர், இரண்டே பிளேட், அதாவது இரண்டே அச்சுத் தகடு. எழுத்து ஒரே மையில் விழுவதால் ரெஜிஸ்டர் பிரச்சினையே இல்லை, கூர்மையாக நிற்கும். நாலு கலரில் கலந்த மெரூனில் எட்டு பாயின்ட் தமிழ் எழுத்தை அடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் ஒரு நல்ல தந்திரம், பலர் பயன்படுத்துவதில்லை: சில்வரை முதலில் அடித்து அதன் மேல் நாலு கலரை அடிப்பது. நாலு கலர் மை கண்ணாடி போல் ஒளியை உள்ளே விடுவதால் அடியில் உள்ள சில்வர் தெரியும். மஞ்சளும் கொஞ்சம் மெஜந்தாவும் மேலே விழுந்தால் கோல்டு, மெஜந்தாவைக் கூட்டினால் செம்பு, சியானைச் சேர்த்தால் மயில் கழுத்து. ஒரே ஒரு சில்வர் பிளேட்டில் இத்தனை உலோக நிறம் கிடைக்கும்போது கோல்டுக்கும் செம்புக்கும் தனித்தனி மை வாங்குவது வீண்.

ஃபாயில்

கிரீம் அட்டையில் கோல்டு வேண்டுமென்றால் என் ஓட்டு ஃபாயிலுக்குத்தான். மெல்லிய பாலியஸ்டர் பிலிம் மேல் நிற லேக்கர், அதன் கீழ் வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியம், அதற்கும் கீழ் சூட்டில் ஒட்டும் பசை என்று அடுக்கடுக்காக இருக்கும். டிசைன் செதுக்கிய பிளாக் சூடாகி அழுத்தும்போது பிலிம் மட்டும் கழன்று வந்துவிடும், மற்றதெல்லாம் அட்டையில் ஒட்டிக்கொள்ளும். கோல்டு ஃபாயிலில் தங்கமும் இல்லை, பித்தளையும் இல்லை; மஞ்சள் லேக்கர் வழியாகத் தெரியும் அலுமினியம்தான் அது. ரோஸ் கோல்டு, காப்பர், பச்சை என்று இத்தனை ரகம் கிடைப்பதும் அந்த லேக்கரால்தான். காகிதத்துக்குள் இறங்காது என்பதால் கோட்டிங் இல்லாத அட்டையிலும் கண்ணாடி மாதிரி நிற்கும்.

ஆனால் டிசைனில் சில கட்டுப்பாடுகள். கோடு 0.3 மி.மீ.க்குக் குறையக் கூடாது, இரண்டு கோட்டுக்கு நடுவில் 0.5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும். இது நமக்கு முக்கியம், ஏனென்றால் தமிழ் எழுத்தில் சுழி அதிகம். ண, ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் சின்ன அளவில் அடைத்துக்கொண்டு கோல்டு பொட்டாகிவிடும். புள்ளி பக்கத்து எழுத்தோடு ஒட்டும், அல்லது ஒட்டாமலே உதிர்ந்துபோகும். கனமும் மெலிவும் மாறிமாறி வரும் அலங்கார ஃபான்ட்டில் இது இன்னும் மோசம். ஃபாயிலில் மணமக்கள் பெயரை மட்டும் 18 பாயின்ட்டுக்கு மேல், சீரான கனமுள்ள ஃபான்ட்டில் வைத்துவிட்டு, "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கும் வாசகத்தையெல்லாம் மெரூன் மைக்கு விட்டுவிடுங்கள். நான் பார்த்த பத்திரிகைகளில் பாதி, முழு வாசகத்தையும் ஃபாயிலில் அடித்து, தாத்தா பாட்டி யாரும் படிக்க முடியாதபடி ஆக்கியவை. கிரீம் மேல் கோல்டு எழுத்துக்கு ஏற்கெனவே எடுப்பு குறைவு, விளக்கு வெளிச்சம் அடித்தால் பாதி எழுத்து கண்ணுக்கே தெரியாது.

பெரிய திட்டான கோல்டும் மெல்லிய கொடி வேலைப்பாடும் ஒரே பிளாக்கில் இருந்தால் தகராறுதான். திட்டுக்குச் சூடும் அழுத்தமும் அதிகம் வேண்டும், அதே சூட்டில் கொடி அடைத்துப்போகும். ஒன்று, டிசைனை மாற்றி இரண்டையும் நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள். இல்லையென்றால் இரண்டு பிளாக்குக்குக் காசு கொடுங்கள். மடிப்புக் கோட்டின் மேல் ஃபாயில் வந்தால் மடித்ததும் விரிசல் விடும், 3 மி.மீ. தள்ளியே வையுங்கள். பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள் என்பதை மறந்துவிட்டு மூலையில்தான் ரொம்ப நுணுக்கமான ஃபாயில் வேலையை வைக்கிறார்கள். மூலையைச் சும்மா விட்டுவிட்டு நடுவில் வைத்தால் என்ன?

மண்டபத்துக்கு வழி காட்டும் கியூஆர் கோடை கோல்டில் போடாதீர்கள். போன் கேமராவுக்குப் பளபளப்பு ஆகாது, கிரீமுக்கும் கோல்டுக்கும் போதிய வித்தியாசமும் இல்லை. மெரூனில் போட்டால் தகராறு இல்லாமல் ஸ்கேன் ஆகும்.

வேலை வரிசை இப்படி இருக்க வேண்டும்: அச்சு, மை முழுக்கக் காய்வது, லேமினேஷன் உண்டென்றால் லேமினேஷன், அதன் பிறகு ஃபாயில், அதன் பிறகு எம்போஸ் (அட்டையை மேடாக எழுப்புவது), கடைசியில் டை கட்டிங் (வடிவமாக வெட்டுவது). மேட் லேமினேஷன் மேல் ஃபாயில் அருமையாகப் பிடிக்கும். காயாத மை மேலும், மெழுகோ சிலிக்கானோ கலந்த கோட்டிங் மேலும் பிடிக்காது, கொப்புளம் விடும் அல்லது பொடியாக உதிரும். லேமினேஷனுக்கு ஏற்ற ஃபாயில் ரகம் வேறு, வெறும் அட்டைக்கு ஏற்ற ரகம் வேறு என்பதால் எதன் மேல் அடிக்கப்போகிறோம் என்று ஃபாயில் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கம்பெனி லெட்டர்பேடில் ஃபாயில் கேட்பவர்களிடம், அந்தத் தாள் பிறகு லேசர் பிரின்டரில் போகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரின்டரின் சூட்டு உருளையில் ஃபாயில் பிய்ந்து ஒட்டினால் அவர்கள் பிரின்டரையும் சேர்த்து நீங்கள்தான் பார்க்க வேண்டிவரும்.

ஸ்வீட் பாக்ஸ், அகர்பத்தி டப்பா போன்றவற்றுக்கு இன்னொரு வழி மெட்பெட் போர்டு, அதாவது உலோகம் படிந்த பாலியஸ்டர் பிலிம் ஒட்டிய அட்டை. இங்கே கணக்கு தலைகீழ்: தாள் முழுக்க வெள்ளி, எங்கே உலோகம் வேண்டாமோ அங்கே முதலில் வெள்ளை மை அடித்து மறைக்க வேண்டும், அதன் மேல்தான் நாலு கலர். வெள்ளை மை இல்லாத இடத்தில் மஞ்சளும் மெஜந்தாவும் விழுந்தால் கோல்டு. ஃபைலில் வெள்ளைக்குத் தனி பிளேட் போட மறந்தால் படத்தில் இருக்கும் லட்டும் ஜாங்கிரியும் அலுமினியமாகத் தெரியும். இதற்கு யூவி மை மெஷின் வேண்டும், எல்லா பிரஸ்ஸிலும் நடக்காது.

கிரீம்

கோல்டைவிட கிரீம்தான் அதிகம் படுத்தும், ஆனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எம் 3, ஒய் 12 என்று போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

175 லைன் ஸ்கிரீனில், அதாவது அங்குலத்துக்கு 175 வரிசைப் புள்ளி விழும் அச்சில், 2 சதவீதப் புள்ளி ஒன்றின் குறுக்களவு சுமார் 23 மைக்ரான்தான். அவ்வளவு சின்னப் புள்ளி பிளேட்டில் நிற்பதும் நிற்காததும் அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது. மெஜந்தா 3 என்று நீங்கள் வைத்தது மெஷினில் 1 ஆகவும் ஆகலாம், 5 ஆகவும் ஆகலாம். 60 சதவீத நிறத்தில் இரண்டு சதவீதம் ஆடினால் யாருக்கும் தெரியாது. கிரீமில் ஆடினால் எலுமிச்சை மஞ்சளுக்கோ ரோஸுக்கோ போய்விடும். ஒரு லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வைத்துப் பாருங்கள்: மஞ்சள் புள்ளி கண்ணுக்கே தெரியாது, வெள்ளைப் பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ரோஸ் புள்ளிகள் மட்டும் தெரியும். சியானோ கருப்போ சேர்த்திருந்தால் தூசி படிந்த மாதிரி இருக்கும்.

நாலு கலரில்தான் கிரீம் வேண்டும் என்றால் மஞ்சளை மட்டும் நம்புங்கள், மெஜந்தாவைக் கொஞ்சமாக, ஆனால் புள்ளி நிற்கும் அளவுக்கு வையுங்கள். எம் 4, ஒய் 14 ஓரளவு நிலையாக வரும். சந்தன நிறத்துக்கு எம் 10, ஒய் 30. இரண்டிலும் சியானும் கருப்பும் பூஜ்ஜியம். ஃபோட்டோஷாப்பிலிருந்து திரைக்கான ஆர்ஜிபி கிரீமை அப்படியே மாற்றினால் நாலு மையும் கொஞ்சம் கொஞ்சம் வந்து உட்கார்ந்திருக்கும், அதைக் கையால் சுத்தம் செய்யுங்கள்.

இன்னொரு தொல்லை தாளில் எது எதற்கு நேராக இருக்கிறது என்பது. ஆஃப்செட் மெஷினில் மையின் அளவைச் சுமார் 3 செ.மீ. அகலப் பட்டைகளாகத்தான் திருக முடியும், தாள் ஓடும் திசையில் ஒரே பட்டைக்குள் வரும் எல்லாவற்றுக்கும் அதே அளவுதான். உங்கள் கிரீமுக்கு நேராக வேறொருவரின் சிவப்பு நோட்டீஸ் இருந்து, அதற்காக மெஷின்மேன் மெஜந்தாவைத் திறந்துவிட்டால் உங்கள் கிரீமும் சேர்ந்து சிவக்கும். பல வேலைகளை ஒரே தாளில் சேர்த்து அடிக்கும் மலிவான விசிட்டிங் கார்டு திட்டங்களில் கிரீம் பின்னணி கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. அங்கே வெள்ளைப் பின்னணியோடு திருப்திப்படுங்கள்.

மைதான் வேண்டும், ஆனால் சீராக வேண்டும் என்றால் கிரீமையே ஸ்பெஷல் கலராகக் கலக்கச் சொல்லுங்கள். டிரான்ஸ்பரன்ட் வைட்டில் மஞ்சளும் துளி பழுப்பும் சேர்த்துக் கலந்து, 100 சதவீதமாக அடித்தால் புள்ளியே இல்லாத வழவழப்பான கிரீம் கிடைக்கும். பேண்டோன் 7499, 7506 இரண்டும் நல்ல தொடக்கம். புத்தக அட்டை, டப்பா போன்ற பெரிய ஆர்டருக்கு இதுதான் சரி. பின்னால் மறுபடி அடிக்கும்போதும் அதே நிறத்தைக் கொண்டுவரலாம்.

எல்லாவற்றிலும் எளிது கிரீம் அட்டையையே வாங்கிவிடுவது. பத்திரிகைக்கு வேறு யோசனையே வேண்டாம். வெட்டிய ஓரத்தில் வெள்ளை தெரியாது, இரண்டு பக்கமும் ஒரே நிறம். ஆனால் லாட் மாறினால் ஷேடும் மாறும், எனவே கவருக்கும் அட்டைக்கும் சேர்த்து, சேதாரத்துக்கும் கூடுதலாக வைத்து ஒரே லாட்டில் வாங்குங்கள். கடையின் மஞ்சள் விளக்கில் எல்லாக் கிரீமும் ஒன்று போலத்தான் இருக்கும், இரண்டு துண்டையும் வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் சேர்த்துப் பாருங்கள்.

கிரீம் தாளில் போட்டோ அடிப்பதானால் அங்கே வெள்ளை என்ற ஒன்றே கிடையாது. மாப்பிள்ளையின் வேட்டியும் பொண்ணின் பல்லும் கிரீம்தான். முகம் மஞ்சள் தட்டும், நீல வானம் பச்சைக்குச் சாயும். படத்தில் மஞ்சளை 5 முதல் 10 வரை குறைத்து, எடுப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள். திரையில் எப்படி இருக்கும் என்று பார்க்க, அட்டையின் நிறத்தில் ஒரு லேயரை எல்லாவற்றுக்கும் மேலே மல்டிப்ளை செய்து வைத்துப் பாருங்கள், பார்த்ததும் அதை அச்சாகாத லேயராக மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் கிரீம் மேல் கிரீம் அச்சாகும். முகம் பளிச்சென்று இருந்தே தீர வேண்டும் என்று கேட்டால் போட்டோவைத் தனியாக ஆர்ட் பேப்பரில் அடித்து ஒட்டுங்கள்.

ஃபைல்

மெட்டாலிக்கையும் ஃபாயிலையும் ஸ்பாட் கலராக (மேலே சொன்ன ஸ்பெஷல் கலர்தான்), தனி லேயரில், வெக்டராக வையுங்கள். ஒரே ஃபைலில் ஓர் இடத்தில் 877 சி (கோட்டிங் உள்ள தாளுக்கு), இன்னோர் இடத்தில் 877 யு (கோட்டிங் இல்லாத தாளுக்கு) என்று இருந்தால் இரண்டு பிளேட் வரும், இரண்டும் ஒரே மைதான் என்று மெஷினுக்குத் தெரியாது. பிடிஎஃப் எடுத்ததும் அக்ரோபேட்டில் அவுட்புட் பிரிவ்யூவைத் திறந்து ஒவ்வொரு பிளேட்டாக அணைத்துப் பாருங்கள். கோல்டை அணைத்ததும் பிள்ளையார் மறைய வேண்டும், மறையவில்லையென்றால் ஏற்றுமதியில் எங்கோ அது நாலு கலராக மாறிவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் நிழல், டிரான்ஸ்பரன்சி போன்ற எஃபெக்ட்தான் காரணமாக இருக்கும். ஃபாயிலுக்கு நிழல் எதற்கு, எடுத்துவிடுங்கள்.

ஃபாயில் லேயர் ஓவர்பிரின்ட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அடியில் உள்ள மெரூன் ஃபாயில் வடிவத்தில் ஓட்டையாகிவிடும், பிளாக் அரை மி.மீ. நகர்ந்தாலும் ஓரத்தில் அட்டையின் கிரீம் பல்லை இளிக்கும். மெட்டாலிக் மைக்கு அப்படியல்ல, ஓட்டை போட்டே அடிக்கலாம், ஆனால் பக்கத்து நிறம் 0.1 மி.மீ. அதன் அடியில் நுழைந்திருக்க வேண்டும். பிளாக் செய்பவருக்கு ஃபாயில் பகுதியை மட்டும் 100 சதவீதக் கருப்பில் தனிப் பக்கமாகக் கொடுங்கள், சாம்பலோ கிரேடியன்ட்டோ இருக்கக் கூடாது. இதையெல்லாம் செய்துவிட்டு ஃபைலை வாட்ஸ்அப்பில் ஜேபெக்காக அனுப்பினால் ஸ்பாட் கலர் மொத்தமும் காலி.

புரூஃப்

டிஜிட்டல் புரூஃபில் கோல்டு தெரியாது, கடுகுதான் தெரியும். கஸ்டமரிடம் அதைக் காட்டும்போதே பழைய வேலையிலிருந்து ஒரு நிஜ ஃபாயில் துண்டை ஒட்டிக் காட்டுங்கள், "இந்த இடத்தில் இது வரும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். கிரீமை எப்போதும் வேலைக்கு வாங்கிய அதே அட்டையில் காட்டுங்கள். பளீர் வெள்ளைத் தாள்களில் நீலமாக ஒளிரும் வெண்மைச் சாயம் கலந்திருப்பதால், அதன் மேல் அடித்த கிரீம் வெயிலில் ஒரு மாதிரியும் குண்டு பல்ப் வெளிச்சத்தில் வேறு மாதிரியும் தெரியும். நிறம் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரம் சொல்வது டி50, அதாவது 5000 கெல்வின் வெளிச்சம். அந்த வசதி இல்லாத பிரஸ்ஸில் நேர் வெயில் படாத ஜன்னலோரம் போதும்.

மெஷின் பக்கம் நிற்க வாய்ப்பு கிடைத்தால் கிரீமைத் தாளின் இடது, நடு, வலது மூன்று இடத்திலும் பாருங்கள், தாளை மடித்து இரண்டு ஓரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். கோல்டைச் சாய்த்துப் பாருங்கள், நேராக வைத்துப் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். நிறம் ஈரத்தில் ஒன்றாகவும் காய்ந்த பின் கொஞ்சம் மங்கியும் இருக்கும், அதனால் ஈரத்தில் சரியாக இருக்கும் கிரீம் காய்ந்ததும் துளி வெளிறியிருக்கலாம்.

ஓகே ஆன தாளில் இரண்டை எடுத்து, காகித லாட், மை எண், ஃபாயில் ரகம், பிரஸ் பெயர், தேதி எல்லாவற்றையும் பின்னால் எழுதி, வெளிச்சம் படாத கவரில் போட்டு வையுங்கள். சுவரில் மாட்டி வைத்த சாம்பிள் வெயிலில் வெளுத்திருக்கும், கிரீம் காகிதமோ பழுத்திருக்கும். அடுத்த தம்பிக்குக் கல்யாணம் என்று அதே வீட்டுக்காரர் அதே பத்திரிகையைக் கேட்டு வந்தால் கவருக்குள் இருப்பதைத்தான் மெஷின்மேனிடம் கொடுக்க வேண்டும்.